ஓவியமா, செராமிக்ஸா, டிசைனா: கலைக்கல்லூரியில் மேஜர் தேர்ந்தெடுக்குமுன் ஒப்பிட வேண்டியவை

கலைக்கல்லூரியில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. கோட்டோவியம், நிறம், வடிவம், கொஞ்சம் களிமண், கொஞ்சம் கணினி என்று ஓடிவிடும். அது முடியும் தறுவாயில் மேஜர், அதாவது முதன்மைப் பிரிவு எதுவென்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். இந்த ஏற்பாடு பழையது. 1919இல் ஜெர்மனியின் வைமரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் யோஹன்னஸ் இட்டன் வகுத்த ஆறு மாத முன்பயிற்சியை முடித்த பிறகுதான் மாணவர்கள் பட்டறைகளுக்குள் போனார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் அடிப்படையாண்டு பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். யாருடைய கண் கூர்மையானது, யாருடைய கை சுத்தமானது என்பதை அந்த ஓராண்டு காட்டிவிடும். யார் எந்த வேலையில் மூன்று ஆண்டு தாக்குப்பிடிப்பார் என்பதை அது காட்டாது.

பெரும்பாலான மாணவர்கள் முடிந்த படைப்புகளைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான குறும்படம் பார்த்தால் அனிமேஷன், பளபளக்கும் ஜாடி பார்த்தால் செராமிக்ஸ். ஆனால் சேர்ந்த பிறகு உங்கள் நாட்களை நிரப்பப்போவது அந்தப் படைப்புக்கு முந்தைய வேலை. அதனால் ஒவ்வொரு பிரிவையும் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோடுவது நல்லது. நாம் செய்த தப்பை இந்த ஊடகம் எத்தனை நாளில் நமக்குச் சொல்கிறது? கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு இதில் எது நமக்கு எளிதில் கிடைக்காது? முதல் கேள்வி உங்கள் சுபாவத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சொல்லும். இரண்டாவது, கட்டும் கட்டணத்துக்கு என்ன பெறுகிறீர்கள் என்பதைச் சொல்லும்.

ஓவியம்

தப்பு உடனே தெரியும் பிரிவு இது. நிறத்தை வைத்த நொடியில் பக்கத்து நிறம் மங்கிப்போனது கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். ஒரே நாளில் பத்துத் தடவை மாற்ற முடிகிற சுதந்திரம்தான் இதன் பலம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் படத்தைச் சாகடிப்பதும் அதே சுதந்திரத்தால்தான்.

தொழில்நுட்பப் பகுதி ஓரளவு வேகமாகப் பிடிபட்டுவிடும். எண்ணெய் வண்ணம் என்றால் துணியில் நேராகத் தீட்டக்கூடாது, எண்ணெய் இறங்கி நாளடைவில் துணி மக்கிவிடும். முதலில் பசைப்பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு. கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முதலில் இறுகிவிடும், கீழே இருப்பது பிறகும் அசைந்துகொண்டிருக்கும், படம் வெடிக்கும். எண்ணெய் வண்ணத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அது காயும்போது சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். எனவே மூடியுள்ள உலோகத் தொட்டி ஓவியக்கூடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். நீங்கள் பார்க்கப்போகும் துறையில் அந்தத் தொட்டி இல்லையென்றால் மற்ற விஷயங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

தூரிகையும் சட்டமும் எந்த அறையிலும் கிடைக்கும். கல்லூரி தருவது இடமும் விமர்சனமும். ஆகவே ஓவியத்தை மேஜராக எடுக்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கடைசி ஆண்டில் ஆளுக்கொரு தனி இடம் உண்டா? படத்திலிருந்து நான்கைந்து மீட்டர் பின்னால் தள்ளி நின்று பார்க்க முடிகிற சுவர் இருக்கிறதா? ஆசிரியர் ஒருவர் வாரத்தில் எத்தனை முறை உங்கள் படத்தின் முன் வந்து நிற்பார்? மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் ஓவியத்தைத் துணைப்பாடமாக வைத்துக்கொண்டு வேறொன்றை மேஜராக எடுப்பதே எங்கள் பரிந்துரை.

செராமிக்ஸ்

இங்கே நிலைமை தலைகீழ். சக்கரத்தில் வனையும்போது மண் உடனுக்குடன் பேசும். உண்மையான தீர்ப்பு வருவது மூன்று வாரம் கழித்து, சூளையைத் திறக்கும்போதுதான்.

ஒரு கிண்ணத்தின் பாதையைப் பாருங்கள். முதல் நாள் வனைகிறீர்கள். அடுத்த ஓரிரு நாளில் மண் தோல் போல இறுகியதும் அடியைச் சீவுகிறீர்கள். பிறகு மெதுவாக உலர ஒரு வாரம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியக்கூடாது. குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஈரம் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகிக் கிண்ணத்தைச் சிதறடிக்கும், பக்கத்தில் அடுக்கியவர்களின் வேலையையும் சேர்த்து. ஏறத்தாழ 1000 டிகிரியில் முதல் சூடு. ஆறிய பிறகு தூசி துடைத்து, சூட்டில் கண்ணாடி போல உருகிப் படியும் கிளேஸ் பூசி மறுபடி சூளைக்கு. அதிகச் சூட்டில் கல் போல இறுகும் ஸ்டோன்வேர் மண்ணாக இருந்தால் இரண்டாம் சூடு 1220 முதல் 1280 டிகிரி வரை போகும். மறுபடி ஆற வேண்டும். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியைக் கடக்கும்போது சட்டென்று அளவு மாறும். பொறுமையிழந்து சூளைக் கதவைச் சீக்கிரம் திறந்து அந்தக் கட்டத்தை வேகமாகக் கடக்கவைத்தால் பாத்திரம் நெடுக விரிசல் விடும்.

சுருக்கமும் கணக்கில் வர வேண்டும். மண் உலர்ந்து வெந்து முடிவதற்குள் 12 சதவீதம் சுருங்குமானால், 10 செ.மீ. உயரக் கோப்பைக்கு ஈரமண்ணில் 11.4 செ.மீ. வனைய வேண்டும். மூடி போட்ட பாத்திரத்தில் மூடியையும் உடலையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் செய்து, ஒன்றாகவே உலரவிடாவிட்டால் பொருந்தாது.

ஒரு செமஸ்டர் 15 வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சூளையின் முடிவைப் பார்த்துத் திருத்தி அடுத்ததைச் செய்யும் சுற்று அதிகபட்சம் ஐந்துதான் கிடைக்கும். இதனால் இந்தப் பிரிவில் முன்னேறுபவர்கள் எல்லாருமே குறிப்பேடு வைத்திருப்பார்கள். எந்த மண், கிளேஸ் எத்தனை நொடி முக்கியது, சூளையில் எந்தத் தட்டு என்று எழுதாதவர் ஒவ்வொரு சுற்றையும் முதல் சுற்றாகவே செய்வார். மயிரிழை போல கிளேஸ் வெடித்தால், குளிரும்போது அது உடலைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்று பொருள். கலவையில் சிலிக்காவைக் கூட்டிப் பார்க்கலாம். கிளேஸ் சுருண்டு விலகி மண் தெரிந்தால் தூசியோ, தடித்த பூச்சோ காரணம். இப்படி ஒவ்வொரு குறைக்கும் காரணம் தேடிப் போவது பிடிக்குமென்றால் செராமிக்ஸ் உங்களுக்கானது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சூளை, காற்றோட்டம், மின்னிணைப்பு, மண் பிசையும் இயந்திரம் ஆகியவற்றைத் தனியாள் அமைத்துக்கொள்வது கடினம். அதைவிடக் கடினம், நூறு சூளை ஏற்றிய டெக்னீஷியன் ஒருவர் பக்கத்தில் நிற்கக் கிடைப்பது. கல்லூரிக் கட்டணம் நேரடியாக வேலைக்கு உதவும் பிரிவுகளில் இது முன்னணியில் இருக்கிறது. எச்சரிக்கை ஒன்று: உலர்ந்த மண்ணின் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலுக்குக் கெடுதல். பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டுகிறார்களா, ஈரத்தில் துடைக்கிறார்களா என்று கவனியுங்கள். கூட்டுகிற இடத்தில் மூன்று ஆண்டு மூச்சுவிட வேண்டாம்.

சிற்பம்

சிற்பத்துறை என்ற ஒரே பெயருக்குள் மரம், கல், வெல்டிங், வார்ப்பு, ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் இன்ஸ்டலேஷன் எல்லாம் இருக்கும். எந்தக் கல்லூரியில் எது நிஜமாக நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பாடத்திட்டத்தில் வெண்கல வார்ப்பு என்று இருந்தால், கடைசியாக எப்போது உலை ஏற்றினார்கள் என்று கேளுங்கள்.

வார்ப்பின் வேலை நீளமானது. மூலவடிவத்திலிருந்து ரப்பர் அச்சு, அதில் 4 முதல் 5 மி.மீ. தடிமனில் மெழுகுப் பிரதி, உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குழல்கள், மேலே பல முறை முக்கி உலர்த்திய செராமிக் ஓடு, மெழுகை உருக்கி வெளியேற்றல், 1100 டிகிரிக்கு மேல் உருகிய வெண்கலம், பிறகு குழல்களை அறுத்துத் தேய்த்து நிறமேற்றல். மெழுகின் எடையைப் போல ஏறத்தாழ 10 மடங்கு வெண்கலம் தேவைப்படும். 2 கிலோ மெழுகு என்றால் 20 கிலோ உலோகம், குழல்களும் சேர்ந்த கணக்கு இது. காற்றுக்குழல் வைக்க மறந்த விரல்நுனியிலும் மூக்குநுனியிலும் உலோகம் நிரம்பாது. தடித்த பகுதி மெல்லிய பகுதியோடு சேரும் இடத்தில் ஆறும்போது குழி விழும். இவை எல்லாம் கடைசி நாளில்தான் தெரியவரும்.

சிற்பம் எடுப்பவர்கள் யோசிக்க மறப்பது சேமிப்பிடம். படிப்பு முடியும்போது எடுத்துச்செல்ல முடியாத வேலைகளைப் புகைப்படம் மட்டும் எடுத்துவிட்டுக் கலைத்துப்போடுகிறவர்கள் நிறையப் பேர். தரமான புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்வது இந்தப் பிரிவில் உபரித்திறமை இல்லை, பாதி வேலையே அதுதான்.

பதிப்போவியம்

தகட்டிலோ பலகையிலோ படம் அமைத்துக் காகிதத்தில் பிரதி எடுக்கும் இது, பலரும் தவறவிடுகிற பிரிவு. சேர்க்கையின்போது இதைக் கேட்டு வருபவர்கள் குறைவு, அதனாலேயே இயந்திரத்துக்கு முன்னால் வரிசையும் குறைவு.

எட்சிங் வேலையை எடுத்துக்கொள்வோம். செப்புத் தகட்டில் மெழுகுப்பூச்சு இட்டு, ஊசியால் கோடு கீறி, ஃபெரிக் குளோரைடில் அரிக்கவிட வேண்டும். நேரம் கூடினால் கோடு ஆழமாகும், அதிகமானால் நெருங்கிய கோடுகள் ஒன்றாகிக் குழிந்துபோகும். மையை அழுத்திப் பூசி, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, ஊறவைத்து ஒற்றியெடுத்த காகிதத்தோடு பிரஸ்ஸுக்குள் செலுத்தினால் முதல் பிரதி. தகட்டின் ஓரத்தை ஏறக்குறைய 45 டிகிரியில் ராவிச் சரிக்காவிட்டால் பிரஸ்ஸின் கம்பளமும் காகிதமும் கிழியும். படம் இடம்வலமாகத் திரும்பி வரும் என்பதை நினைவில் வைத்தே கீற வேண்டும்.

தப்பு தெரிய ஒரு நாளோ அரை நாளோ போதும். ஓவியத்தின் அவசரமும் இல்லை, செராமிக்ஸின் நீண்ட காத்திருப்பும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பிரதி எடுத்து வரிசையாக மாட்டி, எந்த இடத்தில் படம் கெட்டது என்று பார்க்க முடிகிறது. இந்த வசதி வேறெந்தப் பிரிவிலும் இவ்வளவு இல்லை. ஓவியர்களும் இல்லஸ்ட்ரேஷன் மாணவர்களும் இரண்டாவது பாடமாக எதை எடுக்கலாம் என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்வோம். வெளியே வந்த பிறகு எட்சிங் பிரஸ்ஸைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கையும் மரச்செதுக்கையும் சிறிய அறையில் தொடரலாம்.

ஜவுளி

தறியின் முன் உட்கார்ந்து ஓட்டுவதுதான் நெசவு என்று நினைத்து வருபவர்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. 60 செ.மீ. அகலத்தில், செ.மீ.க்கு 10 இழை என்றால் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்வரிசையில், 600 நூல். ஒவ்வொன்றும் நூலைத் தூக்கி இறக்கும் விழுதின் கண் வழியாகவும் பிறகு சீப்பு போன்ற அச்சின் பல் வழியாகவும் கையால் கோக்கப்பட வேண்டும். 212ஆம் நூலைத் தப்பான விழுதில் கோத்தால் அந்தக் குறை துணியின் முழு நீளத்துக்கும் கோடாக ஓடும். குறுக்கு நூலான ஊடையை ஓட்டிப் பார்க்கும்வரை அது தெரியாது, தெரிந்தபின் அங்கிருந்து ஓரம்வரை அவிழ்த்துத் திரும்பக் கோக்க வேண்டும். நூல் வெட்டும்போது முடிந்த நீளத்தோடு, நெய்யும்போது உள்வாங்குவதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கும், தறியில் வீணாகும் முக்கால் மீட்டர் அளவும் சேர்க்க வேண்டும். திட்டமிடுவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இது அற்புதமான பிரிவு. நினைத்ததும் மாற்றுகிற கைக்காரர்களுக்கு இதில் துணி அச்சும் சாயமும் பொருந்தும், தறி பொருந்தாது.

விரும்பிச் சேராத பிரிவு என்றாலே வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அன்னி ஆல்பர்ஸ் பௌஹவுஸில் கண்ணாடிப் பட்டறைக்குப் போக விரும்பினார், ஆனால் பெண்களை அனுப்பிவைத்த நெசவுப் பட்டறைக்கே போக நேர்ந்தது. 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ஒரு நெசவுக் கலைஞருக்கு நடத்திய முதல் தனிக் கண்காட்சி அவருடையது. அன்று அந்த வாசலை அவருக்கு மூடியது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊடகம் பழகப் பழகத்தான் தன்னைக் காட்டும் என்பதற்கு அவருடைய துணிகள் நல்ல சாட்சி.

டிசைன், இல்லஸ்ட்ரேஷன், அனிமேஷன்

இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு தவறான பிரிவில் சேர்பவர்களே அதிகம். மூன்றிலும் கணினி இருக்கிறது, மூன்றிலும் வாடிக்கையாளர் இருக்கிறார். வேலை வேறு.

கிராஃபிக் டிசைனில் படம் வரைவது குறைவு. எழுத்து, இடைவெளி, வரிசை, படிநிலை இவைதான் அன்றாடம். 40 பக்க அறிக்கையில் தலைப்பு, உபதலைப்பு, அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் மூச்சுவிடும்படி அமைப்பது உங்களை உற்சாகப்படுத்துகிறதா? அப்படியானால் வாருங்கள். அச்சுக்கு அனுப்பும்போதுதான் இதில் தப்புகள் வெளிவரும். ஓரம்வரை போகும் படத்துக்கு 3 மி.மீ. கூடுதல் விடாவிட்டால் வெட்டியபின் வெள்ளைக்கோடு தெரியும். திரையில் எரிகிற பச்சை அச்சு மையில் மங்கிவிடும். 8 பாயின்ட் அளவுள்ள சிறிய எழுத்தை நான்கு மையும் கலந்த கறுப்பில் வைத்தால், தகடு இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிறப்பிசிறு அடிக்கும். சிறிய எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டுமே. இவற்றை வீட்டிலிருந்தும் கற்கலாம் என்பது உண்மை. கல்லூரி தருவது, உங்கள் முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று வாரந்தோறும் கேட்கும் ஆட்கள்.

இல்லஸ்ட்ரேஷனில் எழுதியவரின் உரையும் கெடுவும் முதலில் வருகின்றன, படம் பிறகு. சின்னஞ்சிறு யோசனைப் படங்கள் இருபது, அதிலிருந்து மூன்று முன்வரைவு, ஒரு நிறச்சோதனை, பிறகு இறுதிப்படம். அழகாக வரைகிற மாணவர் முதல் யோசனையையே பிடித்துக்கொண்டு தோற்பார், சுமாராக வரைகிறவர் பதினேழாவது யோசனையில் ஜெயிப்பார். யாரோ கொடுத்த தலைப்புக்குப் படம் போடுவது எரிச்சலூட்டினால் ஓவியத்துக்குப் போய்விடுங்கள்.

அனிமேஷனுக்கு ஒரு கணக்கே போதும். நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. ஒரு நாளைக்கு 20 படம் முடித்தாலும் ஒரு நிமிடத்துக்கு 36 நாள் ஆகும், பின்னணியும் ஒலியும் தனி. கதையில் உள்ள ஓட்டை 500ஆவது படத்தில் தெரிந்தால் செமஸ்டர் போய்விடும். அதனால்தான் அசையாப் படங்களை ஒலியோடு கோத்த அனிமாட்டிக்கை முதலில் ஐந்தாறு பேருக்குப் போட்டுக்காட்டுகிறார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை வெட்ட அரை மணி நேரம் போதும். மாணவர் படங்கள் முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் நீளம். ஐந்து நிமிடக் கதையோடு வருபவரை ஒன்றரை நிமிடத்துக்குச் சுருக்கச் சொல்லும் ஆசிரியர் இருக்கும் துறை நல்ல துறை. குழுவாக வேலை செய்யும் பழக்கமும் சக மாணவர்களும்தான் இதில் வெளியே கிடைக்காதவை.

புகைப்படத் துறையில் கருவியைவிட ஒளியமைப்பும் படத்தெரிவுமே பாடம். ஸ்டூடியோ விளக்குகளும் இருட்டறையும் இயங்குகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

முடிவெடுக்குமுன் செய்து பார்க்க வேண்டியவை

இரண்டு பிரிவுகளுக்கு இடையே ஊசலாடுகிறீர்கள் என்றால் இரண்டு வாரச் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே சிறிய பொருளை மூன்று முறை செய்யுங்கள். முதலாவது புதுமையால் இனிக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்றாவதைச் செய்யும்போது முந்தையதைவிட எதை மாற்றலாம் என்று தானாக யோசனை ஓடுகிறதா, எப்போது முடியும் என்று மணி பார்க்கிறீர்களா என்பதே தகவல். அதோடு, பழைய ஸ்கெட்ச் புத்தகங்களைத் திறந்து, யாரும் கேட்காமல் செய்த பக்கங்களை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். கதாபாத்திரங்களின் முகங்களாக இருக்கிறதா, எழுத்துருக்களா, கட்டமைப்பா, வெறும் நிறத்திட்டுகளா?

பட்டறையை வார நாளின் மாலையில் போய்ப் பாருங்கள். பார்வையாளர்களுக்காகக் கல்லூரியைத் திறந்துவிடும் நாளன்று எல்லாமே பளிச்சென்று இருக்கும். எத்தனை பேருக்கு எத்தனை சக்கரம், எத்தனை தறி, எத்தனை பிரஸ்? வகுப்பு முடிந்த பிறகு எத்தனை மணிவரை திறந்திருக்கும்? டெக்னீஷியன் முழுநேரமா? டெக்னீஷியன் இல்லாத நேரத்தில் இயந்திரங்களைப் பூட்டிவிடுவார்கள், ஆகவே அறிவிப்புப் பலகையில் உள்ள நேரத்தை நம்ப வேண்டாம். இறுதியாண்டுக் கண்காட்சியில் எல்லா வேலைகளும் ஒரே ஆசிரியரின் கைபோலத் தெரிந்தால் அந்தத் துறையில் உங்கள் குரலுக்கு இடம் குறைவு.

பொருட்செலவையும் பிரித்துக் கேளுங்கள். கட்டணத்தில் மண்ணும் சூடேற்றலும் சேருமா, தனியா? உலோகத்தை எடை போட்டு விற்கிறார்களா? அனிமேஷன் என்றால் உங்கள் மடிக்கணினி தாங்குமா, ஆய்வகம் இரவில் கிடைக்குமா? ஆஸ்துமா உள்ளவர்கள் மண், மரத்தூள், கரைப்பான் ஆவி மூன்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இரட்டை மேஜர் கவர்ச்சியாகத் தெரியும். காத்திருப்பு நீளமான இரண்டு பிரிவுகளைச் சேர்க்காதீர்கள். செராமிக்ஸும் அனிமேஷனும் ஒன்றாக எடுத்தால் செமஸ்டரின் கடைசி இரண்டு வாரத்தில் இரண்டின் கெடுவும் சேர்ந்து மோதும். நீளமான ஒன்றோடு உடனே பதில் சொல்லும் ஒன்று, உதாரணமாக செராமிக்ஸோடு கோட்டோவியம் என்றால் சூளை ஆறும் நாட்களில் கை சும்மா இருக்காது.

கடைசியாக, மாறும் வழியை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு மாற எந்தத் தேதிவரை அனுமதி, எந்தப் பாடங்களின் மதிப்பெண் கூடவே வரும், புதிய பிரிவின் தொடக்கப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறதா என்று மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால், ஒரு செமஸ்டர் தாமதம் ஓராண்டு தாமதமாக நீளும். அப்படிப்பட்ட பிரிவு உங்கள் இரண்டாம் விருப்பமாக இருந்தால், அதன் தொடக்கப் பாடத்தை இப்போதே விருப்பப்பாடமாக எடுத்து முடித்துவிடுங்கள்.